ஆசிரியர் சங்கத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி?

பொன்விழா வருகிறது என்றதும் பொதுக்குழுவில் ஒரு மலர்க்குழு போடுவார்கள். மூத்தவர்கள் நாலு பேரிடம் கட்டுரை வாங்கி, வாழ்த்துச் செய்திகளையும் நிர்வாகிகள் பட்டியலையும் சேர்த்தால் மலர் தயார். வரலாறு எழுத அது போதாது. அதற்குச் சங்க அலுவலகத்து பீரோவைத் திறக்க வேண்டும். ஏயுடி, மூட்டா போன்ற பெரிய கல்லூரி ஆசிரியர் சங்கமானாலும் ஒரே வளாகத்துச் சங்கமானாலும் வேலைமுறை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் எல்லைக் கோடு

சங்கத்தின் எல்லை பல்கலைக்கழகத்தின் எல்லையோடு சேர்ந்து மாறியிருக்கும். மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கி, 1978இல் காமராசர் பெயரைப் பெற்றது. 1990இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தபோது தென்மாவட்டக் கல்லூரிகள் அதற்குப் போயின. கோவையிலும் திருச்சியிலும் 1982 வரை சென்னைப் பல்கலைக்கழகம்தான். அதன் பிறகே பாரதியார், பாரதிதாசன். ஒரு முழுத்தாளில் ஆண்டு வாரியாக இதைப் போட்டு, எந்தக் கிளை எப்போது எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் 1975ஆம் ஆண்டுச் சம்பவத்தில் பாரதியார் பல்கலைக்கழகத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

தொடக்க ஆண்டிலும் இதே குழப்பம் வரும். பதிவு எண்ணில் சாய்கோட்டுக்குப் பின் இருப்பது பதிவான ஆண்டு. சங்கம் அதற்குப் பல ஆண்டு முன்பே கூடியிருக்கலாம். பழைய பதிவு 1860ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழும், பிந்தையது தமிழ்நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழும் இருக்கும். தொழிற்சங்கமாகப் பதிந்திருந்தால் 1926ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கோப்பு பதிவுத்துறையில் கிடைக்காது, தொழிலாளர் துறையில் தேட வேண்டும்.

மினிட் புத்தகத்தைப் படிக்கும் விதம்

தீர்மானங்களை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். கையெழுத்துப் பக்கம்தான் அதிகம் பேசும். யார் தொடர்ந்து வந்தார், எந்தக் கூட்டத்தோடு நின்றார், பெண் ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் தெரியும். நிர்வாகிகள் பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட இல்லாத ஆண்டுகளில் அவர்கள் செயற்குழுவில் இருந்தார்களா என்பதை வேறெங்கும் பார்க்க முடியாது. 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை, அதாவது நெருக்கடிநிலைக் காலத்தில், பதிவுகள் சுருங்கியிருந்தால் சங்கம் தூங்கியது என்று முடிவு கட்டாதீர்கள். எழுத்தில் வைக்கத் தயங்கியிருக்கலாம். அந்த மாதங்களின் வரவு செலவுக் கணக்கை எடுத்துப் பயணப்படியைப் பாருங்கள். யார் எங்கே போனார் என்று தெரிந்துவிடும்.

உறுப்பினர் எண்ணிக்கையைச் சுற்றறிக்கையிலிருந்து எடுக்கவே கூடாது. ஆண்டுச் சந்தா 24 ரூபாய், அந்த ஆண்டுச் சந்தா வரவு 21,600 ரூபாய் என்றால் பணம் கட்டியவர்கள் 900 பேர். சுற்றறிக்கை "இரண்டாயிரம் தோழர்கள்" என்று முழங்கியிருந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

சைக்ளோஸ்டைல் சுற்றறிக்கைகளின் தாள் மட்டமானது, மடித்த இடத்தில் உடையும். துருப்பிடித்த பின்னை இழுக்காமல் நிமிர்த்தி எடுங்கள். லேமினேஷனும் செல்லோடேப்பும் வேண்டவே வேண்டாம். தாளுக்கு 300 டிபிஐ, புகைப்படத்துக்கு 600 டிபிஐ வைத்து ஸ்கேன் செய்து, கோப்புப் பெயரை ஆண்டு-மாதம்-தேதி என்ற வரிசையில் தொடங்கினால் பிறகு தேடுவது எளிது.

ஒரு வெற்றிக்கு நான்கு தேதி

மலர்களில் அதிகம் சறுக்குவது இங்கேதான். 1986 ஊதியத் திருத்தத்தை எடுத்துக்கொள்வோம். கல்லூரி ஆசிரியர் ஊதியம் குறித்துப் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த மெஹ்ரோத்ரா குழுவின் பரிந்துரையை ஒட்டிய மத்திய அரசின் கடிதம் 1987 ஜூன் 17 தேதியிட்டது. அதை எதிர்த்து ஆகஸ்டில் அகில இந்திய வேலைநிறுத்தம். திருத்திய கடிதம் 1988 ஜூலை 22இல் வந்தது. மாநில அரசாணை அதற்கும் பிறகு. ஆனால் ஊதியம் அமலானது 1.1.1986 முதல் என்று முன்தேதியிட்டு. "எண்பத்தாறில் வாங்கினோம்" என்பவரும் "எண்பத்தெட்டில் வாங்கினோம்" என்பவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு தேதியைப் பிடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் போராடிய தேதி, அறிவித்த தேதி, அரசாணைத் தேதி, அமல் தேதி என நான்கு கட்டம் போட்டு நிரப்புங்கள். நிரம்பாத கட்டத்தை ஊகத்தால் நிரப்பாமல் விட்டுவையுங்கள்.

அரசாணை எண்ணை மட்டும் குறித்தால் பயனில்லை. எண் துறைக்குத் துறை தனி. ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கும். அரசாணையின் வகை "நிலை"யா "வாலாயமா", எந்தத் துறை, என்ன தேதி என்பதும் வேண்டும். கையில் நகல் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் வரவேண்டும். "ஏன் தாமதித்தீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். 20 ஆண்டு கடந்த விவரங்களுக்கு, 8(3) பிரிவின்படி, தகவல் தர மறுப்பதற்கான விலக்குக் காரணங்களில் பெரும்பாலானவை செல்லாது.

வழக்குகளுக்கு ரிட் மனு எண்ணும் ஆண்டும் தேவை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில்தான் திறந்தது. அதற்கு முந்தைய தென்மாவட்ட வழக்கின் எண் சென்னை எண்ணாகத்தான் இருக்கும். பத்திரிகை தேடும்போது உள்ளூர்ப் பதிப்பைக் கேளுங்கள். நாகர்கோவில் மறியல் சென்னைப் பதிப்பில் இரண்டு வரியாகச் சுருங்கியிருக்கும், பலநேரம் அதுவும் இராது.

ஆட்களிடம் கேட்பது

ஆவணத்தைப் படித்து முடித்த பிறகே ஓய்வுபெற்றவர்களிடம் போங்கள். முதலில் போனால் அவர் சொல்வதே கதையாகிவிடும். ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். போனிலும் ஒரு ரெக்கார்டரிலும் சேர்த்துப் பதியுங்கள். ஃபேன் சத்தம் குரலை விழுங்கும், அதிலிருந்து தள்ளி உட்காருங்கள். பழைய சுற்றறிக்கை ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் பதில் மேடைப் பேச்சாக வராது. "2003 அரசு ஊழியர், ஆசிரியர் போராட்டம் எப்படி இருந்தது?" என்ற கேள்வி வீண். "வேலைநீக்க உத்தரவு உங்கள் கைக்கு எப்படி வந்தது, தபாலிலா, கல்லூரி முதல்வர் அறையிலா? எந்தத் தேதியில் மறுபடி கையெழுத்துப் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். வெளியிட ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பிளவு நடந்திருந்தால் மறைக்காதீர்கள். பிரிந்துபோனவர்கள் வெளியிட்ட அறிக்கையையும் தேடி எடுத்து, இரு தரப்பு வாசகத்தையும் அப்படியே கொடுங்கள். சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களும் கௌரவ விரிவுரையாளர்களும் சங்கத்தில் எந்த ஆண்டு சேர்க்கப்பட்டார்கள், அல்லது சேர்க்கப்படவே இல்லையா என்பதற்கு ஓர் அத்தியாயம் கட்டாயம் ஒதுக்கவேண்டும். பல சங்கங்களின் மலர்கள் நழுவிப் போகும் இடம் அதுதான்.

நிர்வாகம் பழிவாங்கியது என்று யார் பெயரையாவது சொல்லி எழுதும் ஒவ்வொரு வரிக்கும் கையில் ஒரு காகிதம் இருக்கட்டும். இல்லாத வரியை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். அச்சானதும் 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகியவற்றுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். ஸ்கேன் கோப்புகளை இரண்டு ஹார்ட்டிஸ்கில் போட்டு, ஒன்றைச் சங்க அலுவலகத்துக்கு வெளியே வையுங்கள்.