கணக்கு விட்டுப்போகும் மறதிக்கு எனக்கு வேலை செய்தது

செங்கோட்டையில் காய்கறி மண்டிக் கணக்கு என்னுடையது. புனலூர் லாரியில் ஏறும் மூட்டைகளை எண்ணும்போது யாராவது கூப்பிட்டால் போதும், எண்ணிக்கை போய்விடும், மறுபடி முதலிலிருந்து. பி12, தைராய்டு குறைந்தாலும் மறதி வரும் என்பதால் இரண்டையும் பார்த்தாயிற்று, சரியாகத்தான் இருந்தன. வல்லாரைப் பொடியிலும் மாற்றமில்லை. சுடோக்கு போட்டதில் சுடோக்குதான் வேகமாக வந்தது, மூட்டைக் கணக்கு அப்படியே.

அப்புறம் பிடித்தது, குண்டாறு பக்கம் காலையில் வேக நடை, முடிந்ததும் விருட்சாசனத்தில், அதாவது ஒற்றைக் காலில், நின்றபடி 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்வது. 79, 72 வரும்போது கால் தானாகத் தரைக்கு இறங்கிவிடும். மூச்சை வெளியே விடும்போது மட்டும் எண்ணைச் சொன்னால் கால் இறங்காமல் நிற்கிறது. யாரும் சொல்லாத விஷயம் இன்னொன்று: கொஞ்ச நாளில் 93, 86 என்று வாய் பாட்டு மாதிரி தானாக ஓடும், மூளைக்கு அங்கே வேலையே இல்லை. உடனே 101, 104 என்று தொடக்கத்தை மாற்றிவிட வேண்டும். எனக்கு அதற்குப் பிறகுதான் பலன் தெரிந்தது.

நடையை விடாதீர்கள். 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓராண்டு நடைப்பயிற்சி செய்த முதியவர்களுக்கு நினைவாற்றலுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது.

இப்போது லோடுமேன் நடுவில் பேச்சுக் கொடுத்தாலும் எண்ணிக்கை மனதில் நிற்கிறது, அப்பாடா. ஆசனத்தைச் சுவர் ஓரமாக நின்று செய்யுங்கள், ஈரமான மொசைக் தரை மட்டும் வேண்டாம்.