சர்வரில் மெய்நிகர் கணினி: உருவாக்குவதும் பிறகு மாற்றுவதும்

மெய்நிகர் கணினி, அதாவது ஒரு சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினி ஒன்றை உருவாக்குவது சில நிமிட வேலை. புதியவர்கள் தடுமாறுவது அதற்குப் பிறகுதான். நினைவகத்தை (ரேம்) கூட்டியிருப்பார்கள், உள்ளே கூடியிருக்காது. டிஸ்க்கைப் பெரிதாக்கியிருப்பார்கள், உள்ளே பழைய அளவே காட்டும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: சர்வரின் பக்கம் செய்யும் மாற்றத்துக்கு, அந்தக் கணினியின் உள்ளேயும் ஒரு பாதி வேலை இருக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இதை நினைவில் வையுங்கள்.

நான் இங்கே மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் மேல் அமைந்தது, இலவசமாகப் பயன்படுத்தலாம், பிரவுசரிலேயே எல்லாவற்றையும் செய்யலாம். மெய்நிகர் கணினிகளை அடியில் ஓட்டுவது கேவிஎம். 2007 முதல் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கும் தொழில்நுட்பம் அது.

முதலில் சர்வரின் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) மெய்நிகராக்க வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெலில் அதன் பெயர் விடி-எக்ஸ். ஏஎம்டி பலகைகளில் பெரும்பாலும் எஸ்விஎம் என்று இருக்கும். இது அணைந்திருந்தால் மேற்கொண்டு எதுவும் நடக்காது.

ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவிய பின், பிரவுசரில் சர்வரின் ஐபி முகவரியோடு 8006 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துத் திறக்கலாம். சான்றிதழ் எச்சரிக்கை வரும். சான்றிதழைச் சர்வர் தானே தயாரித்துக்கொண்டதால் வரும் எச்சரிக்கை அது. உங்கள் சொந்தச் சர்வர்தான் என்று உறுதியானால் தொடருங்கள். இடப்பக்கம் 'லோக்கல்' சேமிப்பகத்தைத் தேர்ந்து, 'ஐஎஸ்ஓ இமேஜஸ்' பகுதியில் இயங்குதளத்தின் நிறுவல் கோப்பை (ஐஎஸ்ஓ) ஏற்றுங்கள்.

இனி வலப்பக்கம் மேலே உள்ள 'கிரியேட் விஎம்' பொத்தான். கணினியின் அடையாள எண் 100-இலிருந்து தானாகத் தொடங்கும். பெயரை மட்டும் யோசித்து வையுங்கள்: 'டெஸ்ட்1', 'டெஸ்ட்2' என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து எதை அழிக்கலாம் என்று தெரியாமல் நிற்பீர்கள். அடுத்து ஐஎஸ்ஓ கோப்பைத் தேர்ந்தெடுங்கள். 'சிஸ்டம்' பக்கத்தில் 'ஏஜென்ட்' பெட்டியில் டிக் செய்யுங்கள்; சர்வரும் உள்ளே இருக்கும் இயங்குதளமும் பேசிக்கொள்ள உதவும் சிறு நிரல் அது.

டிஸ்க் அளவு 32 ஜிபி என்று முன்பே நிரப்பியிருக்கும். சாதாரண லினக்ஸ் கணினிக்கு அது போதும். பிறகு கூட்டிக்கொள்ளலாம், குறைக்க மட்டும் வழியில்லை; அதனால் சிறிதாகவே தொடங்குங்கள். டிஸ்க்குக்கும் நெட்வொர்க்குக்கும், மெய்நிகர் கணினிகளுக்கென்றே உருவான விர்ட்ஐஓ வகையைத் தேர்ந்தால் வேகம் கிடைக்கும். விண்டோஸ் நிறுவுபவர்கள் மட்டும் விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவையும் சேர்த்து இணைக்க வேண்டும். இல்லையென்றால் விண்டோஸின் நிறுவல் நிரல், டிஸ்க்கே இல்லை என்று சொல்லும்.

சிபியு கோர்களையும் நினைவகத்தையும் ஒரே மாதிரி பங்கிடக் கூடாது. எட்டு கோர் சர்வரில் மொத்தம் பதினாறு கோர்களைப் பிரித்துக் கொடுத்தாலும் பெரும்பாலும் சமாளிக்கும். எல்லாக் கணினிகளும் ஒரே நொடியில் உழைப்பதில்லை. நினைவகம் அப்படியன்று. 32 ஜிபி இருக்கும் சர்வரில் 32-ஐயும் பங்கிட்டுவிட்டால் சர்வருக்கே மூச்சு முட்டும். அப்போது கெர்னல் ஏதாவது ஒரு மெய்நிகர் கணினியை முன்னறிவிப்பில்லாமல் கொன்றுவிடும். சர்வருக்கென்று சில ஜிபியை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பங்கிடுங்கள்.

இயங்குதளத்தை வழக்கம்போல் நிறுவியதும், உள்ளே 'கியூஎமு கெஸ்ட் ஏஜென்ட்' தொகுப்பையும் நிறுவுங்கள். வெளியே டிக் செய்தது ஒரு பாதி, இது மறு பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் ஐபி முகவரி திரையில் தெரியும், 'ஷட்டவுன்' பொத்தானும் நம்பகமாக வேலை செய்யும். 'ஸ்டாப்' பொத்தான் வேறு. அது மின்கம்பியைப் பிடுங்குவதற்குச் சமம். தரவுத்தளம் ஓடும் கணினியில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

இனி மாற்றங்கள். 'ஹார்ட்வேர்' பக்கத்தில் நினைவகத்தை 2048 எம்பியிலிருந்து 4096 ஆக்கினால், ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் புதிய எண் வேறு நிறத்தில், காத்திருக்கும் மாற்றமாகத் தெரியும். இந்த இடத்தில் பலர் கணினிக்குள் போய் ரீபூட் கட்டளை கொடுக்கிறார்கள். பலன் இருக்காது, வெளியே, அந்தக் கணினியைச் சர்வரில் ஓட்டும் கியூஎமு நிரல் நிற்காமல் பழைய அமைப்போடு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. ப்ராக்ஸ்மாக்ஸ் திரையில் உள்ள 'ரீபூட்' பொத்தானை அழுத்துங்கள், அல்லது முழுதாக அணைத்துத் தொடங்குங்கள்.

டிஸ்க்கைத் தொடும் முன் 'பேக்கப்' எடுங்கள். கணினியின் அந்த நேர நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் போதாது, அது அதே டிஸ்க் கிடங்கில்தான் இருக்கிறது, கிடங்கு போனால் அதுவும் போகும். பிறகு டிஸ்க்கைத் தேர்ந்து 'ரீசைஸ்' போங்கள். அந்தப் பெட்டி கேட்பது மொத்த அளவையன்று, கூட்ட வேண்டிய அளவை. இதைக் கவனிக்காமல் நான் 32 ஜிபி டிஸ்க்கை 40 ஆக்க நினைத்து 40 என்று அடித்தேன். 72 ஆகிவிட்டது. திரும்பக் குறைக்க முடியாததால், புதுக் கணினி உருவாக்கித் தரவுகளை நகர்த்த ஒரு முழு மாலை போனது. 40 வேண்டுமென்றால் 8 என்று அடியுங்கள்.

இப்போது லினக்ஸுக்குள் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளை கொடுத்தால் டிஸ்க் 40 ஜிபி என்றும், அதன் பகிர்வு (பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் பிரித்த பகுதி) பழைய அளவிலேயே இருப்பதாகவும் காட்டும். 'குரோபார்ட்' கட்டளை பகிர்வை நீட்டும். அதற்கு டிஸ்க்கின் பெயரையும் பகிர்வின் எண்ணையும் நடுவே இடைவெளி விட்டுத் தர வேண்டும்; சேர்த்து எழுதினால் ஏற்காது. நீட்ட வேண்டிய பகிர்வுக்குப் பின்னால், நினைவகம் போதாதபோது உதவும் ஸ்வாப் பகிர்வு உட்கார்ந்திருந்தால் நீட்ட இடமிருக்காது. ஸ்வாப்பை அணைத்து, அந்தப் பகிர்வை நீக்கிவிட்டு, பிறகு ஸ்வாப்பை ஒரு கோப்பாக அமைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் இடத்தை அடுக்குகளாக நிர்வகிக்கும் எல்விஎம் பயன்படுத்தியிருந்தால் அதன் அடுக்குகளையும் ஒவ்வொன்றாக விரிக்க வேண்டும்.

பகிர்வு நீண்டதும், அதற்குள் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமையை விரியுங்கள்: ஈஎக்ஸ்டி4 என்றால் 'ரீசைஸ்2எஃப்எஸ்', எக்ஸ்எஃப்எஸ் என்றால் 'எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ்'. இரண்டையுமே கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். முடிந்ததும் 'டிஎஃப்' கட்டளையில் புதிய இடம் தெரியும்.