ஆல்பம் வேலை நடுவில் போட்டோஷாப் படுத்துவிட்டதா? கிராஃபிக்ஸ் கார்டை மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

வைகாசி முகூர்த்தம் தொடங்கிவிட்டால் வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கத்து ஸ்டுடியோக்காரர்களிடமிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். திரை ஒரு நொடி கருப்பாகிறது, திரும்பி வருகிறது, போட்டோஷாப் காணாமல் போகிறது. அல்லது டிஸ்ப்ளே டிரைவரில் (கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) பிரச்சினை என்று ஒரு செய்தி வந்து, அதற்குப் பிறகு லிக்விஃபை ஃபில்டர் ஆமை வேகத்தில் நகர்கிறது. உடனே "கார்டு போயிடுச்சுண்ணா" என்று, படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டின் மேல் பழியைப் போட்டு முடிவு கட்டிவிடுகிறார்கள். காட்பாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் அத்தை மகனுக்கும் இப்படித்தான் ஆனது. கடையில் மாற்றச் சொன்னார்கள், கடன் வாங்கி மாற்றினான், புதுக் கார்டிலும் மூன்றாம் நாளே அதே கருப்புத் திரை. பழுது எட்டு வருடப் பழைய பவர் சப்ளையில் இருந்தது. அந்தப் பணத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் குற்றவாளி கார்டு பக்கம்தானா என்று பாருங்கள். எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் பெர்ஃபார்மன்ஸ், அங்கே 'யூஸ் கிராஃபிக்ஸ் ப்ராசஸர்' என்ற டிக்கை எடுத்துவிட்டு போட்டோஷாப்பை மூடித் திறங்கள். எந்த ஃபைலில் விழுந்ததோ அதே ஃபைலை எடுத்து, அதே வேலையை அரை மணி நேரம் செய்யுங்கள். அப்போதும் விழுந்தால் ராம், நிரம்பிப்போன ஸ்க்ராட்ச் டிஸ்க் (போட்டோஷாப் தற்காலிகமாக எழுதும் டிஸ்க் இடம்), பிளகின், கெட்டுப்போன ஃபான்ட் என்று வேறு பக்கம் தேட வேண்டும். விழவில்லை என்றால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள். அதற்காக டிக்கை எடுத்தபடியே விட்டுவிடாதீர்கள், பல ஃபில்டர்கள் மெதுவாகும், சில திறக்கவே திறக்காது. இது சோதனைக்கு மட்டும்.

போட்டோஷாப் திறக்கும்போதே விழுகிறதா? ஐகானை அழுத்தியதும் கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் செட்டிங்ஸை அழிக்கவா என்று கேட்கும், சரி சொல்லுங்கள். உங்கள் ஆக்‌ஷன்களை மட்டும் எப்போதும் தனி ஃபைலாக ஒரு பிரதி வைத்திருங்கள்.

அடுத்து, பலர் தொடவே தொடாத இடம்: விண்டோஸில் நடந்த கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவர். ஸ்டார்ட்டில் தேடினால் வரும். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம், போட்டோஷாப் விழுந்த நேரத்துக்கு நேராகப் பாருங்கள். ஈவன்ட் ஐடி 4101 என்று இருந்தால் கார்டு பதில் சொல்லாமல் நின்றிருக்கிறது என்று பொருள். விண்டோஸ் வழக்கமாக 2 நொடி காத்திருக்கும், அதற்குள் கார்டு அசையவில்லை என்றால் டிரைவரையே புதிதாகத் தொடங்கிவிடும், அந்தக் கருப்புத் திரை அதுதான். அந்த 2 நொடியை ரெஜிஸ்ட்ரியில் கூட்டச் சொல்லி நிறையப் பேர் யோசனை தருவார்கள். பழைய கார்டில் கனமான வேலை உண்மையிலேயே நேரம் எடுத்தால் அது உதவும், சூட்டையும் கரண்ட் குறைவையும் அது சரிசெய்யாது. மாறாக கெர்னல் பவர் 41 என்று இருந்தால், கம்ப்யூட்டரே சரியாக மூடப்படாமல் அணைந்திருக்கிறது. அந்த நேரத்தில் தெருவில் கரண்ட் போகவில்லை என்றால் என் சந்தேகம் முதலில் பவர் சப்ளை மேல்தான்.

டிரைவர் விஷயத்தை மேலோட்டமாகச் செய்யாதீர்கள். என்விடியா கார்டு என்றால் கேம் ரெடி டிரைவர் வேண்டாம், ஸ்டுடியோ டிரைவர் போடுங்கள். பழையதன் மேலேயே போடாமல், நெட்டைத் துண்டித்து, சேஃப் மோடில் டிடியூ (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) என்ற இலவச மென்பொருளால் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். நெட் இருந்தால் விண்டோஸ் தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் போட்டுவிடும். அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால் முந்தைய டிரைவருக்கே திரும்புங்கள், புதியதுதான் நல்லது என்று கட்டாயம் இல்லை. லேப்டாப் என்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் போட்டோஷாப்புக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்கள்.

இனி நம் ஊர்ச் சமாச்சாரம், வெயில். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், ஷட்டர் போட்ட சின்னக் கடைக்குள் எடிட்டிங் ரூம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் கார்டின் சூடு தெரியும். வேலை ஓடும்போது அது 85, 90 டிகிரி என்று ஏறி, அங்கே போய்த்தான் விழுகிறது என்றால், பக்க மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைக் காட்டி அதே வேலையைச் செய்யுங்கள். விழவில்லையா, காரணம் கிடைத்துவிட்டது. தூசியைத் துடையுங்கள் (பிளோயர் அடிக்கும்போது கார்டு ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்), சில வருடம் ஓடிய கார்டு என்றால் தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள்.

பவர் சப்ளைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் தரும், 6 பின் வயர் இன்னும் 75, 8 பின் 150. ஆர்டிஎக்ஸ் 3060 மட்டுமே 170 வாட் தின்னும், அதற்கு 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. கேபினெட்டோடு வந்த பெயர் தெரியாத சப்ளையில் மாற்று வயர் (அடாப்டர்) போட்டு இழுத்தால் ஆல்பம் எக்ஸ்போர்ட் ஆகும்போதுதான் காலை வாரும்.

ஃபைலின் எடையையும் பாருங்கள். 12க்கு 36 இன்ச் ஷீட், 300 டிபிஐ என்றால் 3600க்கு 10800 பிக்சல். 8 பிட்டில் முழு ஷீட் அளவுள்ள ஒரே லேயர் சுமார் 117 எம்பி, 16 பிட்டில் இரட்டிப்பு. அப்படி இருபது லேயர், பக்கத்தில் லைட்ரூம், குரோமில் பத்து டேப் என்று திறந்து வைத்தால் 2 ஜிபி கார்டு என்ன செய்யும் பாவம். மற்றதை மூடுங்கள், ஆல்பத்துக்கு 8 பிட் போதும். லைட்ரூம் எக்ஸ்போர்ட்டில் மட்டும் விழுகிறது என்றால் அதன் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் கஸ்டம் என்று மாற்றி, எக்ஸ்போர்ட்டுக்கான டிக்கை மட்டும் எடுத்தால் போதும், மீதி எல்லாம் கார்டிலேயே ஓடட்டும்.

ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றி ஒரு நாள் வேலை செய்து பாருங்கள், நாலையும் சேர்த்து மாற்றினால் எது தீர்த்தது என்றே தெரியாது. இத்தனைக்கும் பிறகு விழுந்துகொண்டே இருந்தால், கார்டைக் கழற்றி நல்ல பவர் சப்ளை உள்ள நண்பரின் மெஷினில் போட்டு, அதே ஆல்பம் ஃபைலைத் திறங்கள். அங்கேயும் கருப்பாகிறதா, அப்போது கடைக்குப் போங்கள்.