பூனைத் தெள்ளை வீட்டைவிட்டு விரட்ட மூன்று மாதம்

போன ஓணத்துக்கு 12 நாள் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருவனந்தபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். எங்கள் பூனை சுந்தரியை மைனி (அண்ணி) வீட்டில் விட்டிருந்தோம். திரும்பி வந்து கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, பையைக் கீழே வைப்பதற்குள் கணுக்காலில் சுருக்கென்று ஒரு கடி. குனிந்து பார்த்தால் மகனுடைய வெள்ளைச் சாக்ஸில் எள்ளை அள்ளித் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். தொடப் போனால் துள்ளிக் காணாமல் போகின்றன.

பூனையே இல்லாத வீட்டில் இவ்வளவு தெள்ளு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஒரு மாதம் முன்புதான் சுந்தரிக்கு மருந்து போட்டு, உடம்பில் ஒன்றுகூட இல்லை என்று பார்த்து, அதோடு விட்டிருந்தேன். அப்படி விட்டதுதான் தப்பு. பூனை உடம்பில் நம் கண்ணில் படுவது மொத்தத் தெள்ளில் நூற்றுக்கு ஐந்து பங்குதான். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் வீட்டுத் தரையில் கிடக்கிறது. பூனைக்கும் வீட்டுக்கும் சேர்த்து, குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் இது தீரும். முதல்முறை பூனை வளர்ப்பவர்களுக்காக, நான் செய்து பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், அது தெள்ளுதானா?

எங்கள் பக்கம் சிலர் செள்ளு என்பார்கள், சிலர் எல்லாவற்றையும் உண்ணி என்றே சொல்லிவிடுவார்கள். உண்ணி வேறு. அது தோலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்து ஊதும், துள்ளாது. தெள்ளு செம்பழுப்பு நிறம், இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். இரண்டு பக்கமும் அமுக்கிவிட்டது போல ஒல்லியான உடம்பு. அதனால்தான் ரோமத்துக்குள் அவ்வளவு வேகமாக வழுக்கி ஓடுகிறது.

பூனை நக்கி நக்கியே தெள்ளை விழுங்கிவிடும். அதனால் தெள்ளு கண்ணில் படாமலே இருக்கலாம். அதன் எச்சத்தைத் தேடுங்கள். ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் பூனையை நிறுத்தி, வாலடியிலிருந்து முதுகு வரை ரோமத்தை எதிர்ப்பக்கமாக விரலால் கோதிவிடுங்கள். மிளகுத்தூள் போலக் கறுப்புத் துகள் விழும். அதன்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். வெறும் மண் என்றால் அப்படியே கிடக்கும். தெள்ளின் எச்சம் என்றால் துகளைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு வளையம் பரவும். அது பூனையின் ரத்தம், தெள்ளு குடித்துக் கழித்தது. முதல் தடவை அந்த வளையம் பரவுவதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நம் குமரி மாவட்டத்தில் இது ஏன் ஓய்வதில்லை

பெண் தெள்ளு பூனையின் ரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கிவிடும். ஒரு நாளைக்கு 40, 50 முட்டை. முட்டை ரோமத்தில் ஒட்டாது, வழுக்கிக் கீழே விழும். பூனை எங்கே படுக்கிறதோ அங்கேதான் அதிகம். முட்டையிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து இடுக்கில் போய் ஒளிந்து, மேலே சொன்ன கறுப்பு எச்சத்தைத் தின்று வளரும். பிறகு ஒரு பசைக் கூட்டைக் கட்டிக்கொண்டு உள்ளே இருக்கும். கதகதப்பும் ஈரமும் சேர்ந்தால் மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் புழு காய்ந்து செத்துவிடும். ஆனால் குமரி மாவட்டத்தில் அப்படிக் காயும் காலம் எது? ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை, இரண்டும் நமக்கு உண்டு. குலசேகரம், திருவட்டார் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும் வீடுகளில் நடுப்பகலிலும் தரை குளிர்ந்தே இருக்கும். குளிர் நாடுகளை வைத்து எழுதியதைப் படித்துவிட்டு இன்ன மாதம் மருந்தை நிறுத்தலாம் என்று இங்கே கணக்குப் போட வேண்டாம்.

பூட்டிய வீட்டுக் கதைக்கும் காரணம் அந்தப் பசைக் கூடுதான். உள்ளே முழுதாக வளர்ந்த தெள்ளு பல மாதம்கூட வெளியே வராமல் காத்திருக்கும். காலடி அதிர்வு, உடம்புச் சூடு, நாம் விடும் மூச்சு ஆகியவை பட்டால் உடனே வெளியே வரும். நாங்கள் கதவைத் திறந்து உள்ளே நடந்தோம், அவ்வளவுதான்.

படி 1: சீப்பும் சோப்புத் தண்ணீரும்

மருந்து வாங்கும் முன்பே இன்றைக்கே தொடங்கக்கூடியது இது. நெருக்கமான பல்லுள்ள பேன் சீப்பு ஒன்றும், பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீர் ஒரு கிண்ணத்திலும் எடுத்துக்கொள்ளுங்கள். பூனை சாப்பிட்டு மயங்கிக் கிடக்கும் நேரம்தான் வசதி. சுந்தரிக்கு சாளை மீன் தலை கிடைத்த பிறகு என்ன செய்தாலும் சம்மதம். கழுத்து, தாடைக்குக் கீழே, வாலடி, தொடை இடுக்கு என்று மெதுவாக வாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைக் கிண்ணத்தில் முக்குங்கள். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து தப்பிவிடும், சோப்புத் தண்ணீரில் மூழ்கிவிடும்.

நகத்தில் வைத்து நசுக்காதீர்கள். தெள்ளின் உடம்பிலும் எச்சத்திலும் மனிதருக்குக் காய்ச்சல் தரும் கிருமிகள் இருக்கலாம். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

படி 2: பூனைக்கான மருந்து

சீப்பு மட்டும் போதாது. கழுத்தில் சொட்டுவிடும் மருந்துதான் புதிதாகச் செய்பவர்களுக்கு எளிது. ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட், செலாமெக்டின் என்று பல வகை உண்டு. ஃபிப்ரோனிலோடு மெத்தோப்ரீன் சேர்ந்து வரும் வகை முட்டை பொரிப்பதையும் தடுக்கும், எனக்கு அதுவே பிடித்தது. பூனையைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கு ஒரு நடை போய், எடையும் வயதும் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். சினையாக இருந்தாலோ குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ அதையும் சொல்ல வேண்டும்.

போடும் விதம் இப்படி. பூனையின் பிடரியில், தலை முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் ரோமத்தை இரண்டாக வகிர்ந்து தோல் தெரியும்படி பிடியுங்கள். குழாயின் முனையைத் தோலில் வைத்து முழுவதையும் அங்கேயே பிதுக்குங்கள். ரோமத்தின் மேல் விட்டால் பாதி வீண். முதுகில் விட்டால் நாக்கு எட்டும், நக்கிவிட்டு வாயில் நுரை தள்ளும். மருந்து போடுவதற்கு இரண்டு நாள் முன்பும் பின்பும் குளிப்பாட்டாதீர்கள். காயும் வரை பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இரண்டு பூனை, ஒரு நாய் இருந்தால் மூன்றுக்கும் ஒரே நாளில், அதனதன் மருந்தைப் போட வேண்டும். ஒன்றை விட்டாலும் அதன்மேல் எல்லாம் மறுபடி ஏறிக்கொள்ளும்.

எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாதவை

மைனி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் பூனைக்கு நாய்க்கான சொட்டு மருந்தைப் போட்டுவிட்டார்கள். "நாய்க்குப் போடுறதுதானே, பூனைக்குக் கொஞ்சமா விட்டா போதும்னு கடையில சொன்னாவ" என்றார் மைனி. சாயங்காலம் பூனைக்குக் காது துடித்தது, பிறகு தோல் வெட்டி வெட்டி இழுத்தது, ராத்திரி நிற்க முடியாமல் நடுங்கியது. மருந்தின் பெயர் பெர்மெத்ரின். நாயின் உடம்பு அதைச் செரித்துக் கழித்துவிடும். பூனையின் ஈரலால் அது முடியாது. அளவைக் குறைத்தாலும் அது பூனைக்கு நஞ்சுதான். அந்தப் பூனை பிழைத்தது, ஆனால் இரண்டு நாள் மருத்துவர் கையில்.

ஆகவே பெட்டியில் பூனைப் படம் இருக்கிறதா, உள்ளே பெர்மெத்ரின் இல்லையா என்று இரண்டையும் பார்த்தே வாங்குங்கள். தெரியாமல் போட்டுவிட்டால், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரச் சோப்புப் போட்டு உடனே கழுவி, துண்டில் சுற்றி, அந்த நிமிடமே மருத்துவரிடம் ஓடுங்கள். நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மண்ணெண்ணெய், கற்பூரம் கரைத்த எண்ணெய், பாச்சா உருண்டை, பினாயில், டீ ட்ரீ ஆயில் எதுவும் பூனையின் உடம்பில் படக் கூடாது. வேப்பெண்ணெயையும் நான் தடவ மாட்டேன். செடிக்கு நல்லது என்பது வேறு. பூனை தன் உடம்பில் பட்டதையெல்லாம் நக்கி விழுங்கும் பிராணி.

குட்டியாக இருந்தால்

8 வாரம் ஆகாத குட்டிக்குக் கடை மருந்தை நீங்களாகப் போட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், மிகக் கொஞ்சம் பேபி ஷாம்பூ, சீப்பு இவை போதும். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை வளையம் போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் தெள்ளெல்லாம் முகத்துக்கும் காதுக்கும் ஏறிவிடும். சீக்கிரம் கழுவி, துவட்டி, நெஞ்சோடு வைத்துச் சூடாக்குங்கள். குட்டி குளிரைத் தாங்காது. தினமும் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறம் போய் வெள்ளையாக வெளிறியிருந்தால் தெள்ளு ரத்தத்தைக் குடித்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். சின்னக் குட்டி அதில் செத்தே போகும். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

படி 3: வீடு

பெருக்குவதற்கு முன் ஒரு நாள் முழுக்கப் பூனையைக் கவனியுங்கள். எங்கெங்கே படுக்கிறது? எங்கள் வீட்டில் ஐந்து இடம் இருந்தது. கட்டிலடி, பழைய தையல் மெஷினின் கால்பலகை, அடுக்களையில் சிலிண்டருக்குப் பின்னால், மாடிப்படி, அப்புறம் விறகுப்புரையில் கதம்பைக் (தேங்காய் மட்டை) குவியல். முட்டையும் புழுவும் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் இருக்கும். ஆகவே முதல் வேலை இங்கே.

வாரியலால் மேலோட்டமாகப் பெருக்கினால் இடுக்கில் இருப்பது அப்படியே இருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தரை விரிசல், சுவரோரம், கட்டில் கால் பக்கம் எல்லாம் கிளறிவிட்டுப் பெருக்குங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. அதன் அதிர்வே கூட்டிலிருக்கும் தெள்ளை வெளியே கொண்டுவரும். குப்பையை முற்றத்தில் கொட்டாமல் சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள், அல்லது பையில் இறுக்கிக் கட்டி வெளியேற்றுங்கள். எங்கள் வீடு பழைய சிவப்புச் சிமெண்டுத் தரை. விரிசலைச் சிமெண்டு வைத்து அடைத்த பிறகே தொல்லை பாதியாகக் குறைந்தது.

பூனை படுக்கும் துணி, பாய்விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி அளவு சூடான தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போடுங்கள். ஆனி, ஆடியில் வெயிலுக்கு எங்கே போவது? துணி கொஞ்சம் உலர்ந்ததும் இஸ்திரிப் பெட்டியை நன்றாகச் சூடாக்கி இரண்டு பக்கமும் தேய்த்துவிடுங்கள். முட்டையும் புழுவும் அந்தச் சூட்டில் மிஞ்சாது. துணியைக் கழுவப் போகும்போது உதறிக்கொண்டே நடக்காதீர்கள், சுருட்டி எடுங்கள்.

வெளியே கதம்பை, சாக்கு, காய்ந்த இலைக் குவியல் இவற்றை நிழலிலிருந்து எடுத்து வெயில் படும் இடத்துக்கு மாற்றினாலே போதும். நேர்வெயில் படும் மண்ணில் புழு பிழைக்காது. தோட்டம் முழுக்கப் பூச்சிமருந்து அடிக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் தெளிப்பான் அடித்தே ஆகவேண்டும் என்றால், பூனையையும் அதன் தட்டையும் வேறு அறைக்கு மாற்றி, தரை முழுக்க உலர்ந்து காற்றோட்டம் வந்த பிறகே திரும்ப விடுங்கள். மீன் தொட்டி இருந்தால் அதையும் வெளியே எடுக்க வேண்டும்.

படி 4: இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும்

மருந்து போட்டு இரண்டு வாரம் கழித்தும் பூனையில் தெள்ளு தெரியும். மருந்து பலிக்கவில்லை என்று பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். தரையிலிருக்கும் கூடுகளிலிருந்து புதிதாக வந்து ஏறுபவை அவை. ஏறியவை ஓரிரு நாளில் செத்துவிடும். அந்தக் கூட்டுக்குள் எந்த மருந்தும் சரியாகப் போகாது, வெளியே வரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். இந்தக் காலத்தில் பூனையை வெளியே துரத்தாதீர்கள். மருந்து போட்ட பூனை வழக்கம் போல வீடெல்லாம் நடமாடினால் புதுத் தெள்ளெல்லாம் அதன்மேல் ஏறிச் சாகும். பூனை இல்லாவிட்டால் அவை உங்கள் கணுக்காலுக்கு வரும்.

பெட்டியில் சொன்ன இடைவெளியில், பெரும்பாலும் மாதம் ஒருமுறை, தேதி தவறாமல் மருந்து. நான் தினசரிக் காலண்டரில் அந்தத் தாளின் முனையை மடக்கி வைப்பேன். வாரம் ஒருமுறை வெள்ளைத் தாள் சோதனை. மூன்று மாதம் முடிந்து, நான்கு வாரம் தொடர்ந்து தாள் சுத்தமாக இருந்தால் வீடு தெளிந்தது. அதன் பிறகும் வெளியே சுற்றும் பூனைக்கு நான் மருந்தை நிறுத்துவதில்லை.

கூடவே கவனிக்க வேண்டியவை

தெள்ளை விழுங்கிய பூனைக்கு நாடாப்புழு வரலாம். ஆசனவாயைச் சுற்றியும் படுக்கும் இடத்திலும் வெள்ளரி விதை போல, காய்ந்தால் அரிசி போல வெள்ளைத் துண்டுகள் தெரியும். அதற்குப் பிராசிகுவான்டெல் என்ற குடற்புழு மருந்து உண்டு, எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர் சொல்வார். தெள்ளு ஒழியாமல் இதை மட்டும் கொடுத்தால் அடுத்த மாதமே திரும்ப வரும். சில பூனைகளுக்குத் தெள்ளின் எச்சிலே ஒவ்வாது. ஒன்றிரண்டு கடிக்கே முதுகிலும் வாலடியிலும் பொருக்குத் தட்டி ரோமம் கொட்டும். அதற்குத் தனி சிகிச்சை வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, காலமைன் தடவி, நகத்தை வெட்டிவிடுங்கள். பூனை பிறாண்டிய இடத்தையும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறாண்டியதில் ரத்தம் வராமல் தோலில் கீறல் மட்டும் விழுந்திருந்தாலும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓரிரு வாரத்தில் காய்ச்சலோ, அக்குளில் கழலையோ, உடம்பில் தடிப்போ வந்தால் மருத்துவரிடம் போகும்போது வீட்டில் பூனை இருக்கிறது, தெள்ளு இருந்தது என்று சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.