கர்ப்பிணிக்கு அயர்ன் டிரிப்: புதிதாக வேலைக்கு வந்த சிஸ்டர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தால், ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்புச்சத்து மருந்தை நரம்பு வழியாக ஏற்றும் வேலை சீக்கிரமே உங்கள் கைக்கு வரும். நல்ல மருந்துதான். ஆனால் அவசரம் ஆகாது. நடவுக் கூலியை விட்டுவிட்டு வந்தவர், "சீக்கிரம் ஏத்திவிடுங்க சிஸ்டர், பஸ் போயிடும்" என்பார். அவர் கஷ்டம் நியாயமானது. அடுத்த முறை காலையிலேயே வரச் சொல்லுங்கள். சொட்டை மட்டும் கூட்டாதீர்கள்.

மாட்டுவதற்கு முன்

முதல் மூன்று மாதம் முடிந்துவிட்டதா என்று அட்டையைப் பாருங்கள். முடியவில்லை என்றால் இந்த ஊசி கிடையாது. காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள்; ஐப்பசி, கார்த்திகை மழையில் இதை மறக்காமல் கேளுங்கள். ஆஸ்துமா உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, முன்பு அயர்ன் ஊசி போட்டபோது ஏதாவது செய்ததா என்று கேட்டு, 'ஆமாம்' என்ற பதில் வந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். எச்பி (ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு) 7-க்குக் கீழே இருந்து, மாதமும் ஏறியிருந்தால் தஞ்சாவூர் ராஜா மிராசுதார் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

பிபி, நாடி, குழந்தையின் இதயத்துடிப்பு மூன்றையும் எழுதிவையுங்கள். மருத்துவர் வளாகத்தில் இருக்க வேண்டும். அட்ரினலின் (கடும் ஒவ்வாமைக்குப் போடும் ஊசி), சிரிஞ்ச், ஆக்சிஜன், சலைன் எல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பூட்டிய அலமாரியில் இருக்கும் அட்ரினலின் யாருக்கும் உதவாது.

கலப்பதும் ஏற்றுவதும்

5 மில்லி ஆம்புலில் 100 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 200 மில்லிகிராம் எழுதியிருந்தால் இரண்டு ஆம்புலை 100 மில்லி நார்மல் சலைனில் கலக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் வேண்டாம், வேறு எந்த மருந்தையும் அதோடு சேர்க்க வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்பது வேறு இரும்பு மருந்து, அதன் அளவுக்கணக்கும் வேறு. ஆம்புலின் பெயரை இருமுறை படியுங்கள்.

வென்ஃப்ளானை (நரம்பில் பொருத்தும் சிறு குழாய்) முழங்கை மடிப்பில் போடாமல் முன்கையில் போடுங்கள். முதலில் வெறும் சலைன் விட்டு, வீக்கமோ வலியோ இல்லை என்று உறுதி செய்த பிறகே மருந்து. நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை விழும், மாதக்கணக்கில் போகாது.

முதல் பத்து நிமிடம் மெதுவாக விடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். ஒன்றும் இல்லை என்றால் மொத்தம் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஏறும்படி சொட்டை அமையுங்கள். முன்பு போல டெஸ்ட் டோஸ், அதாவது முதலில் கொஞ்சம் மட்டும், போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. அது ஒத்துக்கொண்டவருக்கும் பிறகு எதிர்வினை வரலாம்.

"நெஞ்சை அடைக்குது சிஸ்டர்" என்றால்

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். முதல் வேலை, டிரிப்பை நிறுத்துவது. அடுத்து பிபி பாருங்கள், மூச்சைக் கவனியுங்கள்.

முகம் சிவந்து, நெஞ்சு இறுகி, முதுகோ மூட்டோ வலிக்கிறது. ஆனால் பிபி இறங்கவில்லை, இளைப்பு இல்லை, உதடு, நாக்கு வீங்கவில்லை, உடம்பெங்கும் தடிப்பும் இல்லை. இது ஒவ்வாமை அல்ல, பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக அடங்கும். இதைப் பார்த்ததும் அவில் என்ற அலர்ஜி ஊசி போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த வகை மருந்தே பிபியை இறக்கி, தூக்கத்தைக் கொடுத்து, சாதாரண விஷயத்தைப் பெரிய எதிர்வினை போலக் காட்டிவிடும். கையைப் பிடித்து ஆறுதல் சொல்லுங்கள். முழுக்க அடங்கிய பிறகு, மருத்துவர் சொன்னால் மட்டும், இன்னும் மெதுவாகத் தொடங்கலாம்.

பிபி இறங்குகிறது, இளைக்கிறது, நாக்கு தடிக்கிறது, மயக்கம் வருகிறது என்றால் அனாஃபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் 0.5 மில்லிகிராம், அதாவது ஆயிரத்தில் ஒன்று கரைசலில் அரை மில்லி. உடனே போடுங்கள், அவிலும் ஸ்டீராய்டும் அதற்குப் பிறகுதான். இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, ஆக்சிஜன் கொடுங்கள். ஐவி செட்டை மாற்றிவிட்டுச் சலைனை வேகமாக விடுங்கள். பழைய குழாயில் நிற்கும் மருந்து உள்ளே போய்விடக்கூடாது. ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இன்னொரு அட்ரினலின். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

முடிந்த பிறகு

அரை மணி நேரம் உட்காரவையுங்கள், பஸ் போனாலும் பரவாயில்லை. கிளம்பும் முன் பிபியும் குழந்தையின் துடிப்பும் மறுபடி. ஓரிரு நாள் உடம்புவலி, லேசான காய்ச்சல் இருக்கலாம் என்று சொல்லி அனுப்புங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே வர வேண்டும். ஊசி நடக்கும் நாட்களில் இரும்பு மாத்திரை வேண்டாம்.

நான்கு வாரம் கழித்தும் எச்பி ஏறவில்லை என்றால், இன்னும் இரண்டு டிரிப் என்று எழுதக் கேட்காதீர்கள். சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு, குடலில் ரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழு இருக்கலாம்; பூச்சி மருந்தான அல்பெண்டசோல் கொடுத்தாயிற்றா என்று பாருங்கள். தலசீமியா போன்ற பரம்பரை ரத்தக் கோளாறாகவும் இருக்கலாம் என்பதை மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள். அப்படிப்பட்டவருக்கு இரும்பை ஏற்றிக்கொண்டே போவது கெடுதல்.