பழைய இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்றப்போ பண்ணக்கூடாத தப்புகள்

நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத், இந்த நாலு திசையோட முதலெழுத்தும் சேர்ந்துதான் 'நியூஸ்' வந்துச்சுன்னு இன்னமும் ஃபேமிலி குரூப்ல ஃபார்வர்ட் சுத்திட்டே இருக்கு. அது உண்மை இல்லங்க. 'நியூ'ங்கற வார்த்தையோட ஒரு எஸ் சேர்ந்து 'புது சங்கதிகள்'ங்கற அர்த்தத்துல வந்தது, அவ்ளோதான். கோல்ஃபுக்கும் இதே மாதிரி 'ஜென்டில்மென் ஒன்லி லேடீஸ் ஃபர்பிடன்'னு ஒரு கதை, ஆனா 1457லயே ஸ்காட்லாந்து பார்லிமென்ட் கோல்ஃப் ஆடக்கூடாதுன்னு போட்ட சட்டத்துல அந்தப் பேர் இருக்கு, முதலெழுத்த கோத்து வார்த்தை உண்டாக்கற பழக்கம் பரவலானதோ 20ஆம் நூற்றாண்டுலதான். அதனால பழைய வார்த்தைக்கு யாராவது முதலெழுத்துக் கதை சொன்னா உடனே சந்தேகப்படுங்க.

அடுத்தது, ஷேக்ஸ்பியர் எழுதினத 'ஓல்ட் இங்கிலீஷ்'னு சொல்றது. ஓல்ட் இங்கிலீஷ்ங்கறது ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டுலேர்ந்து 1100 வாக்குல வரைக்கும் இருந்த பாஷை, பேவுல்ஃப் காவியம் அதுலதான் இருக்கு, இன்னைக்கு லண்டன்ல பொறந்து வளர்ந்த ஆளுக்கே தனியா படிக்காம அதுல ஒரு வரி புரியாது. 1066ல பிரான்ஸ் பக்கத்துலேர்ந்து வந்த நார்மன்காரங்க ஜெயிச்சு பிரெஞ்சு வார்த்தைங்க கொட்டின பிறகு வந்தது மிடில் இங்கிலீஷ், கவிஞர் சாஸர் அந்தக் காலத்து ஆள். ஷேக்ஸ்பியர் (1564-1616) அதுக்கும் அப்புறம், மாடர்ன் இங்கிலீஷோட ஆரம்ப காலம்.

பழைய வரிகள்ல 'யூ'வுக்கு பதிலா வர்ற 'தௌ'னா ரொம்ப மரியாதைன்னு நினைக்கறதுதான் எனக்குத் தெரிஞ்சு பெரிய தப்பு, ஏன்னா நெஜம் அப்படியே தலைகீழ். ஷேக்ஸ்பியர் காலத்துல பெரியவங்ககிட்ட 'யூ', நெருக்கமானவங்ககிட்டயும் கீழ இருக்கறவங்ககிட்டயும் 'தௌ', நம்ம நீங்க-நீ மாதிரியேதான். 1603ல கடலோடி வால்டர் ராலி மேல ராஜதுரோக வழக்கு நடந்தப்போ அரசு வக்கீல் எட்வர்ட் கோக் கோர்ட்லயே அவரப் பாத்து 'ஐ தௌ தீ, தௌ ட்ரெய்ட்டர்'னு கத்தினார், அதாவது துரோகி உன்ன நீன்னுதான் கூப்பிடுவேன்னு வேணும்னே அவமானப்படுத்தினார். அப்போ மரியாதைங்கற எண்ணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல கடவுள 'தௌ'ன்னு கூப்பிடறாங்க, நம்ம தமிழ் பைபிள்ல வேற அந்த இடத்துல 'நீர்', 'உம்முடைய'ன்னு இருக்கு. ஆனா அதே கிங் ஜேம்ஸ்ல சாத்தானையும் அப்படித்தான் கூப்பிடறாங்க! ஹீப்ரு, கிரேக்க மூலத்துல ஒருமை இருந்த இடத்துல 'தௌ' போட்டாங்க, மரியாதைக்காக இல்ல.

இன்னைய அர்த்தத்த தூக்கி பழைய வரியில வைக்கறதும் அடிக்கடி நடக்குது. ஜூலியட் 'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ'ன்னு கேக்கறது 'எங்க இருக்க'ன்னு இல்ல, 'வேர்ஃபோர்'னா ஏன், 'நீ ஏன் ரோமியோவா இருக்கணும்'னு, அதாவது எதிரி வீட்டுப் பையனா போயிட்டியேன்னு அவ வருத்தப்படறா, இது தெரியாம படிச்சா அந்த சீனோட உயிரே போயிடும். இன்னொண்ணு 'லெட்'. ஓல்ட் இங்கிலீஷ்ல கிட்டத்தட்ட ஒரே மாதிரி ரெண்டு வினைச்சொல் இருந்துச்சு, ஒண்ணு விடறது, இன்னொண்ணு தடுக்கறது. பேய் பின்னாடி போக விடாம நண்பர்கள் புடிச்சு இழுக்கறப்போ ஹேம்லட் 'லெட்ஸ் மீ'ன்னு சொல்றது தடுக்கறத. அது செத்துப்போன அர்த்தம்னு நினைக்காதீங்க, உங்க இந்தியன் பாஸ்போர்ட்டத் தொறந்து பாருங்க, 'வித்அவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்'னு இருக்கும். 'நைஸ்'னா ஒரு காலத்துல முட்டாள், 'சில்லி'ன்னா ஆசீர்வாதம் பெத்தவன், 'மீட்'னா எந்த சாப்பாடும்.

பழைய காலத்துக் கடை மாதிரி தெரியணும்னு 'யீ ஓல்டே'ன்னு கடை போர்டுல இருக்கற 'யீ'ய அப்படியே படிக்கறதும் தப்பு. 'த' சத்தத்துக்கு தார்ன்னு ஒரு எழுத்து இருந்துச்சு, கையெழுத்துல அது ஒய் மாதிரியே ஆயிடுச்சு, வெளிநாட்டுலேர்ந்து வந்த அச்செழுத்துல தார் இல்லாததால ஒய் போட்டாங்க. படிக்கறது 'தி'தான்.

இது நம்ம ஆளுங்களுக்காக சொல்றேன், தமிழ் மேல பாசம் உள்ளவங்க கோவப்படாதீங்க. சத்தம் ஒத்துப்போகுதுன்னு மட்டும் வெச்சு 'எட்டு'லேர்ந்து 'எய்ட்' வந்துச்சுன்னு சொல்லக்கூடாது. ஓல்ட் இங்கிலீஷ்ல அது 'எஅஹ்தா', லத்தீன்ல 'ஆக்டோ', சமஸ்கிருதத்துல 'அஷ்ட', அது வேற குடும்பம். நெஜமாவே நம்மகிட்டேர்ந்து போனது நிறைய இருக்கே, கட்டுமரம் 'கட்டமரான்' ஆச்சு, சுருட்டு 'ஷெரூட்' ஆச்சு, மிளகுத்தண்ணி 'முல்லிகடானி' ஆச்சு. 'கேஷ்' கொஞ்சம் சிக்கல், ஏன்னா ரெண்டு 'கேஷ்' இருக்கு. கைப்பணம்னு இன்னைக்கு சொல்ற 'கேஷ்' பிரெஞ்சு, இத்தாலியன் பணப்பெட்டிலேர்ந்து வந்தது, ஆனா பழைய வியாபாரிங்க ஆசியாவோட சின்ன நாணயத்துக்குச் சொன்ன 'கேஷ்' நம்ம காசு, போர்ச்சுகீஸ் வழியா போனது.

சரிபார்க்கணும்னா தேதி போட்டு பழைய வரிகளக் காட்டற ஆக்ஸ்ஃபோர்ட் இங்கிலீஷ் டிக்ஷனரி மாதிரி அகராதியப் பாருங்க, 1884லேர்ந்து 1928 வரைக்கும் பாகம் பாகமா வந்தது, இப்போ ஆன்லைன்லயும் இருக்கு. ஆனா அதுல ஒரு வார்த்தைக்கு முதல் வரி ஷேக்ஸ்பியரோடதுன்னு இருந்தா, அவர்தான் அத உண்டாக்கினார்னு முடிவு கட்டிடாதீங்க, எழுத்துல இதுவரைக்கும் கிடைச்சதுல அதுதான் பழசுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம், நாளைக்கே அதவிட பழைய வரி கிடைச்சா அந்தத் தேதியும் மாறும்.