வாழைச் சீப்பின் வெட்டுவாய் அழுகலைத் தடுக்கும் பூண்டுச் சாறு: முதன்முறை செய்பவர்களுக்கு

தாரிலிருந்து சீப்பைப் பிரித்த சில நாட்களில், காய் இன்னும் பச்சையாக இருக்கும்போதே வெட்டுவாய் கறுத்து, வெண்பஞ்சு போலப் பூஞ்சை படர்ந்து, பழுக்கும் வேளையில் காம்பு இற்றுப் பழங்கள் தனித்தனியாக உதிர்வதுதான் இந்த அழுகல். கொலட்டோட்ரைக்கம், லேசியோடிப்ளோடியா, ஃபியூசேரியம் எனப் பல பூஞ்சைகள் சேர்ந்து உண்டாக்கும் இந்நோய்க்குக் கத்தி பட்ட காயமே வாசல் என்பதால், அந்தக் காயம் பழையதாவதற்குள் சாறு அதன்மேல் பட வேண்டும். தார் வெட்டிய அன்றே வேலையை முடித்துவிடுங்கள்.

முதலில் கத்தியைக் கொதிநீரில் கழுவி, சீப்பை ஒரே வெட்டில், பிசிறில்லாமல் பிரித்தெடுங்கள். வெட்டுவாயில் பால் துளித்துளியாகக் கசிந்து, காற்றுப் பட்டதும் பழுப்பேறும். சீப்பை வாழை இலையின்மேல் வெட்டுவாய் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்துப் பாலை வடியவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். காயின் நுனியில் காய்ந்து ஒட்டியிருக்கும் பூவையும் கிள்ளி எறியுங்கள். பூஞ்சை வித்துகள் தங்குவதற்கு அதைவிட வசதியான இடமில்லை.

பால் வடிவதற்குள் சாற்றைத் தயாரித்துவிடலாம். உரித்த பூண்டு 100 கிராம் எடுத்து, தண்ணீர் சேர்க்காமல் அம்மியிலோ மிக்ஸியிலோ நைய அரைத்து, பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். முழுப் பூண்டில் அல்லிசின் கிடையாது. பல் நசுங்கும்போதுதான் அதிலுள்ள அல்லீன் என்ற பொருளோடு அல்லிநேஸ் என்ற நொதி கலந்து அதை அல்லிசினாக மாற்றுகிறது, பூஞ்சையின் புரதங்களைத் தாக்கி அதன் வளர்ச்சியை முடக்குவதும் அந்த அல்லிசினே. சூடு பட்டால் நொதி செயலிழந்துவிடும். நான் முதன்முறை செய்தபோது, கஷாயம் வைப்பதுபோல் பூண்டை முழுதாகப் போட்டுக் கொதிக்கவைத்துவிட்டேன். முக்கியெடுத்த சீப்புக்கும் சும்மா வைத்த சீப்புக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆகவே அரைத்த விழுதை 1 லிட்டர் பச்சைத் தண்ணீரில் கரைத்து, மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டி, அன்றே பயன்படுத்துங்கள். மிஞ்சியதை மறுநாளைக்கு எடுத்துவைக்க வேண்டாம். கையுறை அவசியம், ஏனெனில் பூண்டுச் சாறு தோலை எரிச்சலூட்டிப் புண்ணாக்கக்கூடும்.

வெட்டுவாய் முழுவதும் மூழ்கும்படி ஐந்து நிமிடம் முக்கியெடுத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் ஈரம் அறவே போகும்வரை உலர்த்துங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சைக்கு நாமே நீர் வார்த்ததாகிவிடும். குளிர்ச்சியான, காற்றோட்டமுள்ள இடம் போதும். 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைத் தோல் குளிரில் கன்றிக் கறுக்கும் என்பதால் வீட்டுக் குளிர்பெட்டி உதவாது.

பலனை அறிய ஒரே தாரின் சீப்புகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியைச் சாற்றிலும், இன்னொன்றை வெறும் தண்ணீரிலும் முக்கி, மூன்றாவதை அப்படியே விட்டுவிடுங்கள். தண்ணீரில் முக்கியதும் நன்றாகவே இருந்தால், உதவியது கழுவியதுதானே தவிரப் பூண்டு அன்று. நாள்தோறும் ஒரே நேரத்தில் வெட்டுவாயைப் படமெடுத்து, கறுப்பு எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதை அளவுகோலால் அளந்து குறித்துவையுங்கள்.

வெட்டுவாய் சுத்தமாக இருந்தும், பழுக்கும்போது தோலில் பழுப்புப் புள்ளிகள் தோன்றிக் குழிந்து பெருகினால் சாற்றைக் குறை சொல்லாதீர்கள். அது காய் மரத்தில் இருக்கும்போதே தோலுக்குள் நுழைந்து உறங்கிக் கிடந்த பூஞ்சை; மேலே பட்ட சாறு அதை எட்டாது. அதற்குத் தார் பிஞ்சாக இருக்கும்போதே உறையிட்டு, காய்ந்த இலைகளைத் தோட்டத்திலிருந்து அகற்ற வேண்டும்.